கோய் பண்ணை வேலைக்கு நீகாட்டா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் ஒஜியாவும் யமகோஷியும் அடங்கிய மலைப்பகுதிதான் கோய் மீன்களின் பிறந்த ஊர். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னால், பனி மூடி வெளியே போக முடியாத மாதங்களில் சாப்பாட்டுக்கு ஆகுமே என்று அங்கே நெல் விவசாயிகள் வயல் தண்ணீரில் கெண்டை வளர்த்தார்கள். அதில் எப்போதாவது நிறம் மாறிப் பிறந்த மீனை எடுத்து வைத்து, இனம் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கியதுதான் இன்று உலகமெங்கும் குளங்களில் நீந்துகிற கோய். 2018-ல் ஹிரோஷிமாவில், வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் கொண்ட கொஹாகு வகை மீன் ஒன்று 20 கோடி யென்னுக்கு மேல் ஏலம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலருக்கு இந்தத் தொழில் மேல் ஆசை வருகிறது.

ஆசை நல்லதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து இந்தப் பண்ணைகளில் சேர்பவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மீனைப் பற்றித் தெரியாததால் வருகிற சறுக்கல் இதில் கொஞ்சம்தான். நமக்கும் வேலை தெரியும் என்று காட்ட அவசரப்படுவதும், சந்தேகத்தையும் தவறையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதும்தான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம்.

வேலை என்னவென்று தெரியாமல் போவது

மே, ஜூனில் முட்டையிடும் காலம். ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். நாலைந்து நாளில் குஞ்சு பொரிக்கும். அதற்குள் மண் குளங்களைத் தயார் செய்து, குஞ்சுகளுக்கு இரையாகும் மிகச்சிறிய நீருயிர்களை வளர விட்டிருக்க வேண்டும். கோடை முழுக்கத் தரம் பிரிப்பு. சிறு கிண்ணத்தில் குஞ்சுகளை அள்ளி, குனிந்தபடி மணிக்கணக்கில் பார்த்து, வளர்க்க வேண்டியதையும் கழிக்க வேண்டியதையும் பிரிப்பார்கள். நடுநடுவே குளத்து வரப்புகளில் புல் வெட்ட வேண்டும். அக்டோபரில் மண் குளங்களிலிருந்து மீன்களை வலை போட்டு எடுக்கும் அறுவடை தொடங்கும். வெளிநாட்டு வியாபாரிகள் வந்து குவியும் காலமும் அதுதான். டிசம்பரிலிருந்து பனி. இரண்டு மூன்று மீட்டர் விழுகிற இடங்கள் உண்டு. மீன்கள் கொட்டகைத் தொட்டிகளில் இருக்கும். நீங்கள் கூரையிலும் பாதையிலும் பனி தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.

அழகான மீனோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் நேரம் இந்த ஆண்டுச் சுழற்சியில் மிகக் குறைவு. சேறு, புல், பனி மூன்றும்தான் வேலை. இது பிடிக்காது என்று முன்பே தெரிந்தால் போகாமல் இருப்பதே உங்களுக்கும் பண்ணைக்காரருக்கும் நல்லது.

இன்னொன்று, பலர் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது கவனிக்காத விஷயம். ஜப்பானின் தொழிலாளர் தரநிலைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, விவசாயத்தையும் மீன் வளர்ப்பையும் வேலை நேரம், இடைவேளை, வார விடுமுறை ஆகிய விதிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இயற்கையைப் பார்த்து நடக்கிற தொழில் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆகவே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பருக்குக் கிடைக்கும் ஓவர்டைம் கூடுதல் விகிதம் உங்களுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. குறைந்தபட்சக் கூலி, இரவு 10 மணிக்கு மேல் செய்யும் வேலைக்கான கூடுதல் தொகை, சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு ஆகியவை உங்களுக்கும் உண்டு. கூடுதல் நேரத்துக்கு என்ன தருவார்கள், அறுவடை மாதத்தில் எத்தனை நாள் ஓய்வு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த பிறகு கேட்பது கஷ்டம். சேரும் முன் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

தண்ணீர் வால்வு

கோய் பண்ணையில் மிக அதிகமான மீன்களைக் கொல்வது நோயா, கொக்கா என்று கேட்டால், நான் பார்த்தவரை மறந்துபோன வால்வு என்றுதான் சொல்வேன்.

தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று குழாயைத் திறந்துவிட்டு, அந்த நேரம் யாரோ கூப்பிட, அப்படியே போய்விடுவது. குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள குளோரின் செவுளைப் பொசுக்கும். மலைப்பண்ணைகள் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் பயன்படுத்துகின்றன. குளோரின் இல்லையே என்று அதை நம்பிவிடவும் முடியாது. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவு, வெப்பநிலையும் தொட்டியிலிருந்து வேறுபட்டது. ஒரே இரவில் தொட்டியின் பாதித் தண்ணீர் மாறிப்போனால் மீன் தாங்காது. இதே கதைதான் வடிகட்டியைக் கழுவும்போதும். கழிவு வால்வைத் திறந்து கழுவிவிட்டுப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால், பம்ப் தொட்டியையே வெளியே கொட்டிவிடும்.

அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். வால்வைத் திறந்தால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் கைபேசியில் மணி வைப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். "மூணாம் தொட்டியில் தண்ணீர் ஓடுது" என்று அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்வது புதியவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிட வேண்டும்.

அதற்கு மேலும் ஒன்று. வால்வை மறந்துவிட்டீர்கள், பத்து நிமிடம் கழித்து ஞாபகம் வருகிறது, மூடிவிட்டீர்கள், மீன்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. செவுளில் பட்ட சேதம் அப்போதே தெரியாது. உடனே சொன்னால் மருந்து போட்டுக் குளோரினை முறிக்கலாம், காற்றைக் கூட்டலாம், இரையை நிறுத்தலாம். மறுநாள் காலையில் சொன்னால் செத்த மீனை எண்ணத்தான் முடியும். திட்டு எப்படியும் விழும். உடனே சொன்னவருக்கு விழுவது ஒரு நாள் திட்டு. மறைத்தவரிடம் அப்புறம் யாரும் தொட்டியை ஒப்படைக்க மாட்டார்கள்.

மின்சாரம் போனாலும் இதே அவசரம்தான். காற்றூட்டி நின்றுபோன நெருக்கமான தொட்டியில் மீன்களுக்கு நேரம் அதிகம் கிடையாது. ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, எப்படிக் கிளப்புவது, ஆக்சிஜன் சிலிண்டரை எப்படித் திறப்பது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாட்களிலேயே காட்டச் சொல்லுங்கள். யாரும் தாமாகக் காட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பாசியால் தண்ணீர் பச்சை நிறமாக இருக்கும் குளங்களில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியற்காலையில். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்தால் பசி என்று நினைத்து இரை போட்டுவிடாதீர்கள்.

கையும் வலையும்

பெரிய மீனை வலையோடு தூக்குவது புதியவர்கள் செய்யும் அடுத்த தவறு. அகலமான வட்ட வலை மீனை மெதுவாக ஒதுக்கிக் கொண்டுவரத்தான். அதில் தூக்கினால் மீனின் எடையே அதன் உடலை முறுக்கும், செதில் பெயரும், துடுப்பு கிழியும். வட்ட வலையால் மீனை மிதக்கும் கிண்ணத்துக்கோ இரு பக்கமும் திறந்த நீளமான துணி வலைக்கோ வழிகாட்டி, அதற்குப் பிறகுதான் நகர்த்துவார்கள். அந்தத் துணி வலையில் மீன் தண்ணீரோடு சேர்ந்து வரும். ஒரு கையால் பின் முனையை மடித்துப் பிடிக்கத் தெரியாமல் தூக்கினால் மீன் வழுக்கிக் கான்கிரீட்டில் விழும். பழைய, வயதான, விற்பனைக்கு இல்லாத மீனில் பழகிக்கொள்ள அனுமதி கேளுங்கள். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லித் தருவார்கள்.

கையில் கொசு மருந்தோ வெயில் கிரீமோ பூசிக்கொண்டு தொட்டியில் கை விடக் கூடாது. கேமராவுக்காக மீனைத் தண்ணீருக்கு வெளியே மார்போடு அணைத்துப் பிடிக்கவே கூடாது.

புதிதாக இடம் மாற்றிய மீன் முதல் இரவில் துள்ளும். தொட்டிமேல் வலை மூடாமல் போனால் காலையில் தரையில் கிடக்கும். மாலையில் எல்லோரும் களைத்துப் போயிருக்கும்போது இந்த வேலை கடைசியில் வருவதால்தான் மறக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு சுற்று சுற்றி வந்து மூடி, காற்று, தண்ணீர் மட்டம் மூன்றையும் பார்ப்பதை உங்கள் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு குளத்தில் நனைந்த வலையை மருந்துத் தண்ணீரில் முக்காமல் அடுத்த குளத்தில் போடுவது, பண்ணையையே மூட வைக்கும் தவறு. 2003-ல் காசுமிகௌரா ஏரியில் வளர்த்த கெண்டைகளிடையே கோய் ஹெர்பீஸ் வைரஸ் பரவியது. ஜப்பானில் அந்த நோய் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது அப்போதுதான். இதற்கு மருந்து கிடையாது. நோய் உறுதியானால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், மீன்களை அழிக்க வேண்டியிருக்கும். ஆகவே விடுமுறையில் இன்னொரு பண்ணையைப் பார்க்கப் போனால் அங்கே தண்ணீரில் கை வைக்காதீர்கள்; வைத்திருந்தால் திரும்பி வந்ததும் பூட்ஸையும் உடையையும் கழுவிவிட்டுத்தான் உங்கள் பண்ணைக்குள் போக வேண்டும். மீன் சோர்ந்து ஒதுங்கி நின்றால் உங்களுக்குத் தெரிந்த உப்பு வைத்தியத்தை நீங்களாகத் தொடங்காதீர்கள். அதே தொட்டியில் முந்தின நாள் வேறு மருந்து போட்டிருக்கலாம்.

மார்பு வரை வரும் ரப்பர் உடை போட்டு மண் குளத்தில் இறங்கும்போது இடுப்பு பெல்ட் கட்டாமல் இறங்காதீர்கள். விழுந்தால் உடைக்குள் தண்ணீர் புகுந்து எழ முடியாது. வலை இழுக்கும் வரிசையில் முன்னால் ஓடாதீர்கள், பின்தங்கவும் வேண்டாம். அடிக்கயிறு சேற்றை விட்டு உயர்ந்தால் மீன் அதன் கீழே போய்விடும். மொத்த வரிசையும் மறுபடி முதலிலிருந்து இழுக்க வேண்டும். புல் வெட்டும்போது மாமுஷி என்ற விரியன் பாம்பு இருக்கும், நீள பூட்ஸ் கட்டாயம். மலை ஓரங்களில் கரடியும் நடமாடும்.

மீன் உங்களுடையது இல்லை

தொட்டியில் இருக்கும் எல்லா மீனும் விற்பனைக்கு இல்லை. இன்னும் வளர்த்துப் பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்த இளம் மீன்களில்தான் பண்ணையின் எதிர்காலம் இருக்கிறது. வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிவிட்டு, இன்னொரு கோடை மண் குளத்தில் வளரட்டும் என்று விட்டுவைத்த மீன்களும் உண்டு. அவற்றைப் படம் எடுத்து இணையத்தில் போடுவது பெரிய தவறு. போட்டிக்குப் போகும் மீனை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பார்கள். விலை பேசிக்கொண்டிருக்கும் மீனின் படம் வெளியே போனால் பேச்சே முறியும். எடுக்கும் முன் கேளுங்கள், போடும் முன் இன்னொரு தடவை கேளுங்கள். வாங்க வந்தவர் உங்களிடம் விலை கேட்டால் பண்ணைக்காரரைக் கைகாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரம் பிரிக்கும்போது கழிக்கப்படும் குஞ்சுகளைப் பார்த்து மனம் வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும். ஆனால் இரக்கப்பட்டு இரண்டைத் திருப்பிப் போடாதீர்கள். பல ஆண்டுகள் கண் பழகியவர் எடுத்த முடிவு அது. ஏன் கழித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லச் சொல்ல உங்கள் கண்ணும் பழகும்.

ஊரில் வாழும்போது

வேலை நேரத்தில் பட்டுத் தெரிந்துகொள்வதை வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடுகிறோம். புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது நம்மவர்களிடம் அதிகம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை அசைத்து நாம் 'சரி' சொல்வதை, அங்கே சந்தேகம் என்றோ மறுப்பு என்றோ எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், புரியாமலே ஆமாம் சொல்வது. சொன்னதை உங்கள் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

குப்பை விஷயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். எந்த நாளில் எந்தக் குப்பை, எந்தப் பையில் என்று ஊருக்கு ஊர் விதி உண்டு. யமகோஷி அடங்கிய நாகாவோகா நகரில் சமையல் கழிவைத் தனியாக வாங்கி எரிவாயு தயாரிக்கிறார்கள். தவறான பை அங்கேயே விட்டுவைக்கப்படும். அது யாருடையது என்று சிறு ஊரில் எல்லோருக்கும் தெரியும். காலையில் எதிர்ப்படும் பெரியவருக்கு வணக்கம் சொல்லாமல் போவதும் அப்படித்தான் கவனிக்கப்படும். பக்கத்து வீட்டுப் பாட்டி கத்தரிக்காயோ முள்ளங்கியோ கொண்டுவந்து வாசலில் வைத்தால், அடுத்த நாள் பார்க்கும்போது நன்றி சொல்லுங்கள். கொஞ்சம் சுண்டல் செய்து கொடுத்தால் அந்தத் தெருவே உங்களுக்குப் பழக்கமாகிவிடும். சைவம் சாப்பிடுபவர்கள், காய்கறி மட்டும் போட்ட சூப் என்று நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அதன் அடியில் உலர்ந்த மீன் சாறு இருக்கும்.

யமகோஷியில் 2004 அக்டோபர் 23-ஐப் பற்றித் தெரியாமல் பேசாதீர்கள். அன்று மாலை வந்த 6.8 அளவிலான நிலநடுக்கத்தில் மலைகள் சரிந்து சாலைகள் எல்லாம் துண்டிக்கப்பட, கிராமத்தில் இருந்த அத்தனை பேரையும் ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். மீன் அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம் அது. குளங்கள் உடைந்தன, மின்சாரம் இல்லை, பல பண்ணைகள் தலைமுறைகளாகக் காத்த தாய் மீன்களை இழந்தன. இன்று நீங்கள் வேலை பார்க்கும் குளத்தின் கரையைக் கிட்டத்தட்ட நிச்சயமாக யாரோ மறுபடி கட்டியிருக்கிறார்கள். அவர் உங்களிடம் வரப்பில் நடக்கும் விதத்தைப் பற்றிக் கறாராகப் பேசினால் காரணம் அதில் இருக்கிறது.

பனிக்காலத்துக்கு ஆயத்தமில்லாமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. கூரையில் பனி தள்ளத் தனியாக ஏறக் கூடாது. ஹெல்மெட், கயிறு, கீழே ஒரு ஆள் மூன்றும் வேண்டும். கூரை ஓரத்துக்குக் கீழே நிற்காதீர்கள். மண்ணெண்ணெய் அடுப்பு எரியும் அறையில் அவ்வப்போது ஜன்னலைத் திறங்கள். கார் பனியில் சிக்கினால் என்ஜினை ஓட விட்டு உள்ளே தூங்காதீர்கள்; புகைக்குழாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். கடும் குளிர் இரவில் வீட்டுக் குழாயில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடாவிட்டால் குழாய் வெடிக்கும்.

காகிதங்கள்

சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்கு வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது சட்டமீறல். குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். வெளிநாட்டவருக்கு ஜப்பான் அரசு தரும் குடியிருப்பு அட்டையை எப்போதும் உடம்போடு வைத்திருக்க வேண்டும், சேற்று வேலைக்குப் போகும்போதும்தான். தண்ணீர் புகாத உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் பாதுகாப்புக்கு என்று கொடுக்காதீர்கள்.

மலையில் வண்டி ஓட்டாமல் வாழ முடியாது. இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, ஜப்பானுக்குள் நுழைந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். அதற்குள் ஜப்பானிய உரிமமாக மாற்ற வேண்டும். அப்படி மாற்ற, இந்திய உரிமம் வாங்கிய பிறகு குறைந்தது மூன்று மாதம் நீங்கள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். கிளம்பும் மாதத்தில் அவசரமாக உரிமம் எடுத்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பண்ணைகளின் சிறு லாரிகளில் பல இன்னும் கியர் வண்டிகள். ஆட்டோமேட்டிக் உரிமம் மட்டும் இருந்தால் அவற்றைத் தொட முடியாது.

வேலையில் அடிபட்டால் சாதாரண மருத்துவக் காப்பீட்டைப் பயன்படுத்திவிடாதீர்கள். அதற்குத் தொழிலாளர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது. அதில் சிகிச்சைச் செலவு உங்கள் தலையில் விழாது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும், தனிநபர் நடத்தும் பண்ணைகளுக்கு அதில் சேர்வது பல நேரம் விருப்பத்தைப் பொறுத்தது. கோய் பண்ணைகளில் பல அப்படிச் சிறியவை. சேர்ந்திருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

முதல் வருடம் கையில் வரும் சம்பளத்தை வைத்து ஊருக்கு அனுப்பும் தொகையை முடிவு செய்வதும் தவறு. உள்ளூர் வரி, முந்தின ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு அடுத்த ஜூனிலிருந்து பிடிக்கப்படும். இரண்டாம் வருடம் திடீரென்று சம்பளம் குறைவது அதனால்தான்.

விட்டுப் போகும் எண்ணம் வந்தால் அறுவடைக்கு முன்னால், கோடையிலேயே சொல்லிவிடுங்கள். அக்டோபரில் ஒரு ஆள் குறைந்தால் வலை இழுக்கவே ஆள் போதாது. ஊர் திரும்பிய இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பித்தால், கட்டிய ஓய்வூதியச் சந்தாவில் ஒரு பகுதியை மொத்தமாக வாங்கலாம். இந்தியர்கள் இதில் ஒன்றை யோசிக்க வேண்டும். இரு நாட்டிலும் சந்தா கட்டிய காலத்தைக் கூட்டிப் பார்க்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து இருக்கிறது. மொத்தமாக வாங்கிவிட்டால் அந்தக் காலம் பின்னால் ஓய்வூதியக் கணக்கில் சேராது. வாங்குவதென்று முடிவு செய்தால், ஊழியர் ஓய்வூதியத் தொகையில் 20.42 சதவீதம் வரியாகப் பிடித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதைத் திரும்பக் கேட்க ஜப்பானில் உங்கள் சார்பாக ஒரு வரிப் பிரதிநிதி வேண்டும்; விமானம் ஏறும் முன்பே நம்பகமான ஒருவரை வரி அலுவலகத்தில் பதிந்துவிட்டு வாருங்கள்.